கோலாலம்பூரில் இனவாரிக் குடியிருப்புகளும் கட்டடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரின் பழைய பகுதிகளைப் பார்க்க வருவோர், பள்ளி இடுபணிக்காகத் தகவல் தேடும் மாணவர்கள், தாத்தா வேலை பார்த்த ரயில்வே குவாட்டர்ஸ் எங்கே இருந்தது என்று விசாரிக்கும் குடும்பங்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கோலாலம்பூரை மையமாக வைத்து எழுதப்பட்டிருந்தாலும், பினாங்கைப் பற்றியும் ஒரு கேள்வி சேர்க்கப்பட்டுள்ளது.

சட்டம் போட்டா இந்த நகரத்தை இனவாரியாகப் பிரித்தார்கள்?

தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட குழுப் பகுதிகள் சட்டத்தைப் போல, இன்ன இனத்தவர் இன்ன பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்று நகரம் முழுவதற்கும் கட்டளையிட்ட சட்டம் எதுவும் கோலாலம்பூரில் இருந்ததில்லை. 1822இல் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸின் உத்தரவின்படி சிங்கப்பூருக்குத் தீட்டப்பட்ட நகரத் திட்டத்தில் ஐரோப்பியர், சீனர், சூலியர் (தென்னிந்திய முஸ்லிம் வணிகர்), அரபியர், புகிஸ் மக்கள் ஆகியோருக்கான பகுதிகள் வரைபடத்திலேயே தனித்தனியாகக் குறிக்கப்பட்டன. ஈய வணிகத்துக்காகத் தானாக முளைத்த கோலாலம்பூரில் அப்படி ஒரு வரைபடத்துக்கு வாய்ப்பில்லை.

இங்கே பிரிவினையைச் செய்தவை வேறு மூன்று. முதலாவது வேலை: ரயில்வே, பொதுப்பணி இலாகா, ரப்பர் தோட்டம் ஆகிய ஒவ்வொன்றும் தன் ஆட்களுக்குத் தானே வீடு கட்டிக் கொடுத்தது, எந்த வேலைக்கு எந்த இனத்தவர் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்ததால், வீடும் இனவாரியாகவே அமைந்தது. இரண்டாவது நிலப்பட்டா: 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், ஒதுக்கப்பட்ட நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவருக்கு விற்பதையும் குத்தகைக்கு விடுவதையும் தடுத்தது. மூன்றாவது கிளப் விதிகள்: ஏரித் தோட்டத்தின் அருகில் 1890இல் தொடங்கப்பட்ட லேக் கிளப் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது, 1952இல் உயர் ஆணையர் ஜெரல்ட் டெம்ப்ளர் நெருக்கடி கொடுத்த பிறகே அதன் கதவு பிறருக்குத் திறந்தது.

இம்மூன்றில் தமிழர்களின் வாழ்க்கையை அதிகமாகத் தீர்மானித்தது முதலாவதுதான். சீன வணிகர் கடைவீட்டுக்குப் பட்டா வைத்திருந்தார். கம்போங் பாருவின் மலாய்க் குடும்பத்துக்கு ஒதுக்கீட்டு நிலம் இருந்தது. ரயில்வேத் தமிழருக்கும் தோட்டத் தமிழருக்கும் முதலாளி கொடுத்த கூரை மட்டுமே இருந்தது. பிற்காலத்தில் நகரம் விரிந்து நிலத்தின் விலை ஏறியபோது இந்த வேறுபாடு எப்படி வெளிப்பட்டது என்பதைக் கீழேயுள்ள பதில்களில் காணலாம்.

யார் எந்தக் கரையில் என்பது எப்படி முடிவாயிற்று?

1857ஆம் ஆண்டளவில் ஈயம் தேடி வந்த சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கினார்கள். படகுகள் அதற்கு மேல் செல்ல முடியாத இடம் அது என்பதே அங்கு நகரம் தோன்றியதற்குக் காரணம். சீனர்களின் தலைவராக இருந்த கப்பித்தான் யாப் ஆ லோயின் காலத்தில் கிழக்குக் கரையில், இன்றைய மேடான் பாசாரைச் சுற்றிச் சந்தையும் சூதாட்டக் கொட்டகைகளும் சீனர் குடியிருப்புகளும் நிறைந்தன. அதன் வடக்கே, இன்றைய ஜாலான் மெலாயு பக்கத்தில், மலாய்க்காரர்களும் சுமத்ராவிலிருந்து வந்த வணிகர்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்தார்கள்.

1880இல் பிரிட்டிஷ் நிர்வாகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு இடம் மாறியபோது, அது சந்தைக்குப் பக்கத்தில் போய் உட்காரவில்லை. ஆற்றைக் கடந்து மேற்குக் கரையின் மேட்டு நிலத்தை எடுத்துக்கொண்டது. வெள்ளத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சியது ஒரு காரணம். மேட்டிலிருந்து பார்த்தால் சந்தையில் நடப்பது தெரியும் என்பது இன்னொரு காரணம். இன்றைய புக்கிட் அமான் குன்றில் அதிகாரிகளின் பங்களாக்களும் காவல் படையும், அதன் அடிவாரத்துத் திடலின் ஓரத்தில் 1884இல் சிலாங்கூர் கிளப்பும், அதன் பின்னால் 1888இலிருந்து ஏரித் தோட்டமும் வந்தன. மேட்டில் ஐரோப்பியர், தாழ்வில் ஆசியர் என்ற அந்த அமைப்பை இன்றும் கால்களாலேயே உணரலாம்: மஸ்ஜிட் ஜாமெக்கிலிருந்து மேற்கே நடந்தால் ஏற்றம், கிழக்கே நடந்தால் சமதளம். 1881இலும் 1926இலும் வந்த பெருவெள்ளங்கள் கிழக்குக் கரையைத்தான் வாட்டின.

கடைவீடும் அஞ்சடியும் சீனருக்கு உரியவைதாமே?

பாதி உண்மை. 1881இல் ஒரு பெருந்தீ அத்தாப்பு என்னும் ஓலைக் கூரை வீடுகளை அழித்தது. அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. அதன் பிறகு ரெசிடண்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்ட வேண்டும் என்ற விதியை 1884இல் கொண்டுவந்தார். கடைக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்கு, அஞ்சடி எனப்படும் மூடிய நடைபாதை விடவேண்டும் என்ற வழக்கம் ராஃபிள்ஸின் சிங்கப்பூர் விதிகளிலிருந்து வந்தது. ஆகவே கடைவீட்டின் உருவத்தைச் சீனக் கட்டடக் கலையும் காலனிய நகர விதியும் சேர்ந்தே வகுத்தன. அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்.

அந்த உருவத்தைச் சீனர் மட்டும் பயன்படுத்தவில்லை என்பதற்கு லெபோ அம்பாங் சாட்சி. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இத்தெருவில் வரிசையாக இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் மற்ற கடைவீடுகளைப் போலவே இருக்கும். நிமிர்ந்து முகப்பைப் பார்த்தால் மயில் உருவங்களும் பூவேலை செய்த ஓடுகளும் தெரியும். உள்ளே கடைக்கு வேண்டிய அலமாரிகள் கிடையாது. நீண்ட கூடத்தின் இருபுறமும் ஒவ்வொரு முகவரும் ஒரு தாழ்வான சாய்மேசையையும் ஒரு பெட்டகத்தையும் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்து வட்டிக்கணக்கு எழுதுவார். இரவில் அதே இடத்தில் பாயை விரித்துப் படுப்பார். பல நிறுவனங்கள் ஒரே கூடத்தைப் பகிர்ந்துகொண்டன. பெண்களும் குழந்தைகளும் செட்டிநாட்டில் இருந்ததால், குடும்பம் இல்லாத ஆண்களுக்கான கட்டடமாக அது அமைந்தது. சீனக் கடைவீட்டின் மேல்மாடியில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது என்றால், அதே அளவுள்ள செட்டியார் கடைவீட்டில் வாழ்ந்தது ஒரு வங்கி.

சைனாடவுன் என்று பலகை மாட்டப்பட்ட பகுதிக்கு நடுவில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தின் இராஜகோபுரம் நிற்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1873இல் தம்புசாமிப் பிள்ளையால் நிறுவப்பட்ட இவ்வாலயம் 1885இல் அன்றைய ஹை ஸ்ட்ரீட்டுக்கு, அதாவது இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு வந்தது. தெருவின் எதிர்ப்பக்கத்தில் சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் தி ஆலயம் இருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டி இரவில் பத்துமலைக்கு வெள்ளி இரதம் புறப்படுவது இந்தத் தெருவிலிருந்துதான். இனத்தின் பெயரால் ஒரு தெருவை அழைப்பது சுற்றுலாத் துறைக்கு வசதி. தெருவின் கதை அதைவிடக் கலப்படமானது.

அரசாங்கக் கட்டடங்கள் ஏன் முகலாயப் பாணியில் கட்டப்பட்டன?

1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்துக்கு ஏ.சி. நார்மன் முதலில் ஐரோப்பியச் செவ்வியல் பாணியில்தான் வரைபடம் தீட்டினார். இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்த பொதுப்பணிப் பொறியாளர் சார்ல்ஸ் ஸ்பூனர், முஸ்லிம் சுல்தானின் நாட்டுக்கு முகமதியப் பாணியே பொருந்தும் என்று கூறி அதை மாற்றினார். பின்னர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் வடிவமைத்த மஸ்ஜிட் ஜாமெக் (1909), ரயில் நிலையம் (1910) ஆகியவற்றிலும் அதே வளைவுகளும் குவிமாடங்களும் உள்ளன.

மலாய்க்காரர்களின் சொந்தக் கட்டட மரபு மரத்தூண்கள் மேல் நிற்கும் வீடும் அடுக்குக் கூரைப் பள்ளிவாசலும் ஆகும். அதை அரசாங்கக் கட்டடத்துக்குத் தகுந்ததாக அந்த அதிகாரிகள் எண்ணவில்லை. வட இந்தியாவில் தங்கள் நாட்டவர் பழகியிருந்த ஒரு பாணியைக் கொண்டுவந்து இதுவே உங்களுடையது என்று கொடுத்தார்கள். இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று எண்ணிய அதே மனம் இனத்துக்கு ஒரு பாணி என்றும் எண்ணியது.

கம்போங் பாரு எப்படி நகரத்தின் நடுவே கம்பமாகவே (மலாய்க் கிராமமாகவே) நின்றது?

ஈய நகரத்தில் மலாய்க்காரர்களுக்கு இடமில்லாமல் போய்விடும் என்ற கவலையும், அவர்கள் உழவராகவே நீடிக்க வேண்டும் என்ற காலனியக் கருத்தும் சேர்ந்து 1900இல் மலாய் வேளாண் குடியேற்றத்தை உருவாக்கின. ஏறத்தாழ 90 ஹெக்டர் நிலம், ஏழு சிறு கம்பங்கள், தனி நிர்வாக வாரியம். நெல்லும் காய்கறியும் பயிரிடும் திட்டம் எடுபடவில்லை. குடியேறியவர்கள் அரசாங்க அலுவலகங்களுக்கு எழுத்தர்களாகவும் ஓட்டுநர்களாகவும் வேலைக்குப் போனார்கள். ஆனால் நிலத்தின் மீதான கட்டுப்பாடு அப்படியே இருந்தது. ஆகவே வீட்டின் வடிவமும் நின்றது. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரவீடு, முன்புறம் அஞ்சோங் என்னும் திண்ணை, சுற்றிலும் ரம்புத்தான் மரம், பின்னால் கோழிக்கூடு.

மலாய்க்காரர் அல்லாதவருக்கு விற்க முடியாது என்பதால் சுற்றியுள்ள நிலம் அளவுக்கு இந்த நிலத்துக்கு விலை இல்லை. தலைமுறைகள் கடந்ததில் ஒரே மனைக்குப் பல வாரிசுகள் சேர்ந்துவிட்டதால் அவர்களை ஒன்றுசேர்ப்பதும் எளிதன்று. 2011இல் இதற்கென்று தனிச் சட்டமும் மேம்பாட்டுக் கழகமும் உருவாக்கப்பட்டன. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் நிழலில் நாசி லெமாக் விற்கும் மரவீட்டைப் படம் எடுப்பவர்கள், அந்தக் காட்சிக்குக் காரணம் பழமைப் பற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். காரணத்தில் பெரும்பங்கு பட்டாவில் எழுதியிருக்கும் நிபந்தனைக்கு உண்டு.

பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் ஏன் தமிழர் பகுதிகள் ஆயின?

ரயில்தான். 1886இல் கோலாலம்பூர்–கிள்ளான் பாதை திறக்கப்பட்டது. பாதை போடுவதற்குத் தமிழ்நாட்டிலிருந்து கூலித் தொழிலாளர்களும், நிலையங்களையும் கணக்குகளையும் பார்ப்பதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்த எழுத்தர்களும் கொண்டுவரப்பட்டார்கள். ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பணிமுற்றம் பிரிக்பீல்ட்ஸில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் பெரிய பழுதுபார்க்கும் பட்டறை அமைந்தது. சங்கு ஊதினால் பத்து நிமிடத்தில் வேலைக்கு வரக்கூடிய தொலைவில் ஆட்கள் இருக்க வேண்டும் என்பதால், தண்டவாளத்தை ஒட்டியே குவாட்டர்ஸ் எழுந்தது.

அந்தக் குவாட்டர்ஸ் பதவிப்படியைச் செங்கல்லில் எழுதி வைத்தது போன்றது. ஐரோப்பிய அதிகாரிக்குத் தோட்டத்தோடு கூடிய தனிப் பங்களாவும், பின்பக்கம் வேலையாட்களுக்குத் தனி அறைகளும். எழுத்தர்களுக்கும் நடுநிலை ஊழியர்களுக்கும் நூறு குவாட்டர்ஸ் என்று அழைக்கப்பட்ட இரண்டு மாடி வரிசை வீடுகள். தண்டவாளத் தொழிலாளர்களுக்கு லயங்கள் எனப்படும் ஒற்றை அறை வரிசை வீடுகள். இவற்றில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறுவதற்குப் பதவி உயர்வு வேண்டும். முதல் வகைக்கு மாறுவதற்குப் பதவி உயர்வும் போதாது.

இந்த மக்கள்தொகையைச் சுற்றி மற்றவை வளர்ந்தன. 1904இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமமும், யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுப்பிய ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலும், சிங்களப் பௌத்தர்களின் மகா விகாரையும், தேவாலயங்களும், சலவைத் தொழிலாளர்களின் துறையும், தமிழ்ப் பள்ளியும், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் ஒரு மைல் சுற்றளவுக்குள் நெருங்கி நிற்பதற்கு அதுவே காரணம்.

தமிழர்களுக்குள்ளேயே பிரிவினை இல்லையா?

இருந்தது, அதை மறைத்துவிட்டு வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. இலங்கைத் தமிழ் எழுத்தருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கும் மொழி ஒன்று, சமயம் பெரும்பாலும் ஒன்று. ஆனால் குவாட்டர்ஸ் வேறு, சங்கம் வேறு, பல சமயங்களில் கோவிலும் வேறு. செட்டியார்கள் லெபோ அம்பாங்கில் இருந்தார்கள். தமிழ் முஸ்லிம்களின் உலகம் மஸ்ஜிட் இந்தியாவைச் சுற்றி இருந்தது. 1863இல் தொடங்கிய அப்பள்ளிவாசலில் தமிழில் சொற்பொழிவு நடப்பது இன்றும் தொடர்கிறது. தோட்டங்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனி லயம் ஒதுக்கப்பட்டது; கங்காணி தன் ஊர் வழக்கத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார், துரை அதை வசதியாக ஏற்றுக்கொண்டார்.

தோட்ட லயத்துக்கும் நகரத்துக்கும் என்ன தொடர்பு?

கோலாலம்பூரின் இன்றைய புறநகர்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பங்சார், புக்கிட் கியாரா, புக்கிட் ஜாலில் எல்லாம் தோட்டங்களே. பெட்டாலிங் ஜெயாவும் 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்தின் மீது எழுந்ததுதான். ஆகவே லயத்தை நாட்டுப்புறக் கட்டடம் என்று ஒதுக்கிவிட முடியாது.

தோட்டத்தின் அமைப்பு எங்கும் ஏறக்குறைய ஒன்றே. குன்றின் உச்சியில் நான்கு பக்கமும் காற்று வரும்படி துரை பங்களா. அதற்குக் கீழே கிராணிக்கும் (எழுத்தர்) டிரஸ்ஸருக்கும் (மருத்துவ உதவியாளர்) சிறு வீடுகள். பள்ளத்தில், ரப்பர் பால் கொட்டகைக்கும் ஓடைக்கும் அருகில், லயங்கள். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பத்தடி அல்லது சற்றுக் கூடுதல். அறைகளுக்கு நடுவிலுள்ள பலகைச் சுவர் கூரை வரை போகாததால், ஒரு வீட்டில் குழந்தை இருமினால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். முன்னால் பொதுத் தாழ்வாரம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவான சாக்கடை. ஒரு முனையில் மாரியம்மன் கோவில், மறுமுனையில் கள்ளுக்கடை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஒரே இனத்தைச் சேர்ந்த பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அதனால் தமிழ்ப் பள்ளியும் லயத்தின் ஓர் அறையாகவே தொடங்கிற்று. பிறப்பு, பள்ளி, வேலை, கோவில், இழவு எல்லாம் ஒரே வேலிக்குள் முடிந்துவிடக்கூடிய இந்த அமைப்பைப் போல இறுக்கமான பிரிவினை நகரத்தின் எந்தத் தெருவிலும் இருந்ததில்லை என்றே கூற வேண்டும்.

1950களுக்குப் பிறகு தனித்தனி அல்லது இரட்டை வீடுகள் வந்தன. தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டங்கள் 1966இலும் 1990இலும் இயற்றப்பட்டன. அறையின் அளவு, தண்ணீர், கழிவறை ஆகியவற்றைப் பற்றி அவை பேசின. நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு யாருக்குச் சொந்தம் என்பது அவற்றின் பொருளாக இருக்கவில்லை. தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்காக விற்கப்பட்டபோது, ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு வேலையும் வீடும் ஒரே கடிதத்தில் போயின. சிலர் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டினார்கள். சிலர் தற்காலிக நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். புக்கிட் கியாராத் தோட்டத் தொழிலாளர்கள் 1980களில் அப்படி மாற்றப்பட்டு, நிரந்தர வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தார்கள். அவர்களுக்கான வீடுகளையும் சொகுசு அடுக்குமாடிகளையும் சேர்த்து தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் கட்டுவதற்குக் கொடுக்கப்பட்ட அனுமதியைக் கூட்டரசு நீதிமன்றம் 2023இல் ரத்து செய்தது. பொதுப் பூங்காவைக் காத்த தீர்ப்பு என்று அது போற்றப்பட்டது, போற்றுதலுக்கு உரியதும்கூட. ஆனால் நீள்வீட்டில் இருந்தவர்களின் பக்கம் நின்று பார்த்தால், காத்திருப்பு இன்னும் நீண்டது.

புதுக்கிராமங்கள் என்றால் என்ன?

1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், காட்டோரம் வாழ்ந்த மக்கள் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு கொடுப்பதைத் தடுக்க 1950இல் பிரிக்ஸ் திட்டம் வகுக்கப்பட்டது. நாடெங்கும் 400க்கும் மேற்பட்ட இடங்களில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். கோலாலம்பூரின் ஜின்ஜாங், சாலாக் சவுத் ஆகியவை அப்படிப் பிறந்தவை. நேர்க்கோட்டுத் தெருக்கள், ஒரே அளவு மனைகள், பலகைச் சுவர், தகரக் கூரை, வாசலில் காவல் கொட்டகை. வேலி போய்விட்டாலும் ஜின்ஜாங்கின் தெரு அமைப்பில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது.

தோட்டங்களிலும் அதே காலத்தில் சிதறிக் கிடந்த லயங்கள் ஒரே இடத்துக்கு நெருக்கமாக மாற்றப்பட்டு வேலி போடப்பட்டது. தமிழர்களின் குடும்ப நினைவுகளில் வரும் ஊரடங்கும் சோற்றுப் பொட்டலச் சோதனையும் அந்தக் காலத்தவை. வேறுபாடு பின்னால் வந்தது: புதுக்கிராம வாசிக்குத் தற்காலிக உரிமமும் பிறகு பெரும்பாலும் குத்தகைப் பட்டாவும் கிடைத்தன. தோட்டத்தில் வேலி மட்டும் அகற்றப்பட்டது.

1969க்குப் பிறகு நிலைமை எப்படி மாறியது?

1969 மே 13 அன்று கம்போங் பாருவில் தொடங்கி சௌ கிட் வட்டாரத்துக்கும் பிற பகுதிகளுக்கும் பரவிய கலவரத்தில் 196 பேர் இறந்ததாக அதிகாரபூர்வ அறிக்கை கூறியது. இனத்துக்கு ஒரு பேட்டை என்ற அமைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை அரசாங்கம் அப்போது கண்டது. 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை கிராமப்புற மலாய்க்காரர்களை நகர வேலைகளுக்குக் கொண்டுவந்தது. 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. புதிய தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) ஒரு பங்கு வீடுகள் மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடிகளுமாகிய பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கப்பட்டு, அவர்களுக்கு விலைக்கழிவும் கொடுக்கப்படுகிறது. இதன் அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தரைவீட்டுத் தாமான்களில் இது ஓரளவு கலப்பை உண்டாக்கியது.

சிங்கப்பூர் 1989இலிருந்து ஒவ்வோர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் இன விகிதத்தை விதித்திருக்கிறது. மலேசியாவில் விற்பனை வீடுகளுக்கு அப்படி மொத்தக் கட்டுப்பாடு இல்லாததால், விலையும் பள்ளியும் வழிபாட்டுத் தலமும் பார்த்துக் குடும்பங்கள் தாமே பிரிந்துகொள்கின்றன. வாடகை அடுக்குமாடிகளில் நிலைமை வேறு. புறம்போக்குக் குடியிருப்புகளை அகற்றிய பிறகு கட்டப்பட்ட பி.பி.ஆர். என்னும் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளில், மாதம் 124 ரிங்கிட் வாடகைக்கு, மூன்று இனத்தவரும் ஒரே மின்தூக்கிக்குக் காத்திருக்கிறார்கள். மின்தூக்கி பழுதானால் பதினாறாம் மாடிக்கு எரிவாயுத் தோம்பைத் தூக்குவதிலும் இன வேறுபாடு கிடையாது. கலந்து வாழும் நகரத்தைத் தேடுபவர்கள் ஏழைகளின் அடுக்குமாடியில்தான் அதை அதிகமாகக் காண்பார்கள் என்பது என் கருத்து.

பினாங்கிலும் இதே கதையா?

அடிப்படை ஒன்று, விவரம் வேறு. 1786இல் ஃபிரான்சிஸ் லைட் அமைத்த ஜார்ஜ் டவுன் கப்பல் துறைமுகம்; அங்கே தமிழர்கள் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே வணிகர்களாக வந்துவிட்டார்கள். சூலியா தெருவும், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலும் அதைக் காட்டுகின்றன. பள்ளிவாசல், சீனக் கோவில், மாரியம்மன் கோவில், ஆங்கிலிக்கத் தேவாலயம் ஆகியவை சில நூறு மீட்டருக்குள் நிற்கின்றன. இங்கே வணிகம் மனிதர்களை நெருக்கி வைத்தது. செல்வம் சேர்ந்ததும் நார்தம் சாலை மாளிகைகளைச் சீனக் கோடீசுவரர்கள் ஐரோப்பியர்களிடமிருந்தே வாங்கினார்கள்.

ஜார்ஜ் டவுனைக் காலி செய்தது பிரிவினையைவிட வாடகை. பழைய கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு 2000 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்ததும், மாடியில் குறைந்த வாடகைக்கு வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது கட்டடங்கள் இருந்தன, குடித்தனங்கள் குறைந்திருந்தன. பட்டா இல்லாத தமிழர் குடியிருப்புக்கு நேர்ந்ததைக் காண கெலுகோர் பக்கம் போக வேண்டும்: ஆடு மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா, நீதிமன்றப் போராட்டம் தோற்றதும், 2009இல் இடிக்கப்பட்டது.

இன்று பிரிக்பீல்ட்ஸில் தமிழர்கள் வாழ்கிறார்களா, வருகிறார்களா?

பெரும்பாலும் வருகிறார்கள். பழைய ரயில் பணிமுற்றத்தின் மீது கோலாலம்பூர் சென்ட்ரல் 2001இல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி அலுவலகக் கோபுரங்களும் ஹோட்டல்களும் எழுந்த பிறகு, ரயில்வே குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே வீடு எட்டாக்கனி ஆயிற்று. 2010 அக்டோபர் 27 அன்று ஜாலான் துன் சம்பந்தன் லிட்டில் இந்தியாவாக அறிவிக்கப்பட்டு வளைவுகளும் நீரூற்றும் வண்ணப் பூச்சும் வந்தன. இந்திய அரசு அன்பளித்த தோரண வாயில் 2015இல் திறக்கப்பட்டது. மக்கள் அங்கு குடியிருந்த காலத்தில் இப்படி ஓர் அலங்காரம் தேவைப்படவில்லை. இன்று தீபாவளிக்கு முந்திய வாரம் ரவாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் குடும்பங்கள் காரில் வந்து, நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றி, பலகாரமும் புடவையும் வாங்கிக்கொண்டு இரவே திரும்புகின்றன.

என் குடும்பம் இருந்த குவாட்டர்ஸையோ லயத்தையோ எப்படிக் கண்டுபிடிப்பது?

பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். பழைய சான்றிதழ்களில் தோட்டத்தின் பெயரோ குவாட்டர்ஸ் எண்ணோ பெரும்பாலும் முகவரியாக எழுதப்பட்டிருக்கும். தோட்டங்கள் கைமாறும்போது பெயரும் மாறியிருப்பதால், அருகிலிருந்த தமிழ்ப் பள்ளியின் பெயரையும் தேடிப் பாருங்கள். தோட்டம் அழிந்த பிறகும் பல பள்ளிகள் பழைய பெயரைச் சுமந்துகொண்டு வேறு இடத்தில் இயங்குகின்றன. கோவில் திருவிழா அழைப்பிதழ்களில் உபயக்காரர் பெயர்களோடு லயத்தின் பெயரும் அச்சாகியிருப்பதுண்டு. கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் உள்ளன; நில விண்ணப்பங்கள், குவாட்டர்ஸ் பழுதுபார்ப்பு, சுகாதார வாரியத்தின் கடிதங்கள் போன்றவை அவற்றில் ஆங்கிலத்தில் கிடைக்கும். தமிழ்ப் பெயர்கள் அக்கால எழுத்தர்களின் காதுக்கு ஏற்ப எழுதப்பட்டிருப்பதால், ஒரே பெயரை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டியிருக்கும். அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள். ஆண்டும் இடமும் தெரிந்திருந்தால் காப்பக ஊழியர்கள் சரியான கோப்பை எடுத்துத் தருவது எளிது.